சாட்ஸ்வொர்த் மாளிகை இன்னும் கேவண்டிஷ் குடும்பத்தின் சொத்துதானா?

குடும்பம் அங்கேதான் வசிக்கிறது, ஆனால் ஓர் அறக்கட்டளைக்கு வாடகை கொடுத்து. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள இந்த இடத்தை 1549-இல் வாங்கியவர்கள் வில்லியம் கேவண்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும். பின்னால் வந்த டெவன்ஷயர் பிரபுக்கள் இவர்களின் வழித்தோன்றல்கள்.

சிக்கல் 1950-இல் வந்தது. பத்தாவது பிரபு வாரிசு வரிக்குத் தப்ப, சொத்தை முன்கூட்டியே மகன் பெயருக்கு மாற்றியிருந்தார். மாற்றியபின் ஐந்தாண்டு உயிரோடிருந்தால் வரி கிடையாது. 14 வாரம் பாக்கியிருக்கையில் போய்ச் சேர்ந்துவிட்டார்! வரி 80 சதவீதம். நிலங்கள், ஓவியங்கள் போயின. பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹாலும் அரசுக்குப் போனது. மிஞ்சிய சாட்ஸ்வொர்த்தைக் காக்கவே 1981-இல் அறக்கட்டளை அமைத்தார்கள். நுழைவுக் கட்டணம் அதற்குத்தான் சேர்கிறது.