எல்லைப்புற வரலாறும் ஆய்வரங்குகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மாவட்டத்தில் நடந்த வட்டார வரலாற்றுக் கருத்தரங்கில் பார்வையாளனாகக் கலந்துகொண்டேன். ஒவ்வொருவரும் தம் ஊர்க் கல்வெட்டைப் பற்றியோ நடுகல்லைப் பற்றியோ கால் மணி நேரம் வாசித்துவிட்டு இறங்கினார்கள். பல்லவர், சோழர் வரலாறு பெருநூல்களாக எழுதப்பட்டுவிட்ட பிறகு, துண்டு துண்டான ஊர்ச்செய்திகளுக்காக ஆய்வாளர்கள் இப்படிக் கூடுவதால் என்ன பயன்?

வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிடும் பெருநூல்கள் பெரும்பாலும் காஞ்சியையும் தஞ்சையையும் நடுவில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் செங்கமும் படைகள் கடந்துபோன வழியாகவே வருகின்றன. அங்கே வாழ்ந்தவர்கள் எதைக் காப்பதற்காக உயிர்விட்டார்கள் என்பதை அறிய, அந்த ஊர்க் கற்களைத்தான் முதலில் நாட வேண்டியிருக்கிறது.

செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். மண்டகப்பட்டில் குடைவரை எடுத்த மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அது நடப்பட்டது. மன்னன் பெயர் அங்கே காலத்தைக் குறிப்பதோடு சரி. கல் நினைவில் நிறுத்துவது, வாணர் குலத்து வாணகோ அரசரைச் சார்ந்த பொற்றொக்கையாரின் சேவகனான கருந்தேவகத்தி எருமைகளைக் காத்து மடிந்ததைத்தான். அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகச் சுமந்து நிற்கும் இந்தக் கல்லை ஊர்ச்செய்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தனியாக நின்றால் அது ஒரு வீரனின் கதை மட்டுமே. இரா. நாகசாமி தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையை நடத்திய காலத்தில் செங்கம் நடுகற்கள் தொகுக்கப்பட்டு 1972இல் நூலாக வெளிவந்த பிறகுதான், ஆநிரை கவர்தலும் மீட்டலும் அந்நிலத்தின் அரசியலோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பதும், பல்லவர்க்கும் மேற்கே கன்னட நாட்டை ஆண்ட கங்கர்க்கும் இடைப்பட்ட நிலத்தில் வாணர் போன்ற சிற்றரசர்களின் கை எப்படி ஓங்கியிருந்தது என்பதும் துலங்கின. கல்லோடு கல்லை ஒப்பிடும் இந்த வேலைக்குத்தான் ஆய்வாளர்கள் ஓரிடத்தில் கூட வேண்டியிருக்கிறது.

உங்கள் மாவட்டத்துக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம். 1956இல் மொழிவழியாக வகுக்கப்பட்ட மாநில எல்லை, பழைய கற்களுக்குத் தெரியாது. கோலாரில் கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை மைசூர் அரசின் கல்வெட்டு ஆய்வாளர் பி. எல். ரைஸ் 1905இலேயே தொகுத்து வெளியிட்டார். பெங்களூருக்கு அருகே பேகூரில் கிடைத்த கன்னட வீரக்கல், வீரமகேந்திரன் என்னும் வேறொரு மன்னனை எதிர்த்துத் தும்பேபாடியில் போரிட்டு விழுந்த நாகத்தரனைப் பற்றிச் சொல்கிறது. தமிழ் நடுகல்லைப் படித்தவர் கன்னட வீரக்கல்லையும், கன்னடம் அறிந்தவர் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தையும் தாமாகத் தேடிப் போவது அரிது என்பதால், இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் இந்நிலத்தின் வரலாறு முழுமையாகத் தெரியும்.

ஊர்க் கல் பெருவரலாற்றையே திருத்திய சான்றும் உண்டு. அசோகரின் கல்வெட்டு குறிப்பிடும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுவந்தார்கள். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, 'சதியபுதோ' என்றே அதியமான் நெடுமான் அஞ்சியைக் குறித்து, தகடூர் (இன்றைய தருமபுரி) அதியர்களே அவர்கள் என்று காட்டியது.

கால் மணி நேர வாசிப்பைப் பற்றிய உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. அச்சிட்டுக் கொடுக்கக்கூடிய கட்டுரையை மேடையில் வாசிப்பது நேர விரயம். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எடுத்த மைப்படிகளையும் ஒளிப்படங்களையும் விரித்துவைத்து, ஐயமுள்ள எழுத்துகளைக் கூடிப் படிப்பதற்கே அந்நேரம் செலவாக வேண்டும். அடுத்த அரங்குக்கு நீங்களும் பார்வையாளராக மட்டும் போகாதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ நிற்கும் கல்லை நல்ல பக்கவெளிச்சத்தில் படமெடுத்து, அதன் அளவையும் அது நிற்கும் இடத்தையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மாவும் சுண்ணாம்பும் பூசிப் படமெடுப்பது எழுத்தைக் கெடுக்கும். அதை மட்டும் செய்ய வேண்டாம்.

அன்புடன்.