கேளுங்க, சொல்றேன்: ராட்டர்டாம்ல சல்லிசா வீடு கிடைக்குதாமே?

வெளிநாட்டுல வீடு வாங்கறதப் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், வந்த தபால்ல பாதிக்கு மேல நெதர்லாந்துதான். காரைக்குடி சுத்துவட்டாரத்துப் பிள்ளைக இத்தனை பேர் அங்க இருக்காங்களான்னு எனக்கே ஆச்சரியம். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேத்து இங்க பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: மகன் ராட்டர்டாம்ல ஐ.டி. வேலைல இருக்கான். வாடகையே மாசம் 1,600 யூரோ போகுது. ஆத்துக்குத் தெக்கால தார்வவைக்னு ஒரு ஏரியாவுல பிளாட் ஒண்ணு 2 லட்சத்து 70 ஆயிரம் யூரோவுக்கு வருதாம். கூட வேலை பாக்கறவங்க "அந்தப் பக்கம் போகாத"ங்கறாங்களாம். வாங்கலாமா? (ஒரு ஆச்சி, செக்காலை ரோடு, காரைக்குடி)

பதில்: ஆச்சி, "அந்தப் பக்கம் போகாத"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு மாஸ் ஆத்துப் பாலத்தைத் தாண்டியே இருக்க மாட்டாங்க. துறைமுகம் பெருசானப்ப வேலைக்கு வந்தவங்களுக்காக கட்டின தெருக்கதான் அந்தப் பக்கம் நெறைய, அப்புறம் துருக்கி, மொராக்கோ, சுரினாம், போலந்துன்னு எங்கெங்கேர்ந்தோ ஜனங்க வந்து குடியேறினாங்க. வருமானம் கம்மி, பள்ளிக்கூட ரிசல்ட் கம்மி, இதெல்லாம் நெசம்தான், அதனாலதான் 2011-ல அரசாங்கமும் மாநகராட்சியும் வீட்டுவசதி சங்கங்களும் சேந்து தெற்கு ராட்டர்டாமுக்குன்னே 20 வருஷத் திட்டம் ஒண்ணு போட்டாங்க. அதே தெக்குப் பக்கத்துலதான் காட்டன்ட்ரெக்ட் இருக்கு, ஒரு காலத்துல கப்பல்காரங்க சாராயக்கடையும் சிவப்பு விளக்குமா பேர் கெட்டுக் கிடந்த இடம், இன்னிக்கு அங்க விலை கேட்டா தலை சுத்தும். தார்வவைக்கும் அப்படி ஆயிடும்னு நான் சொல்ல மாட்டேன், புரோக்கர் சொல்லுவாரு.

மகனை ஒரு வேலைநாள் ராத்திரி மாஸ்ஹாவன் மெட்ரோ ஸ்டேஷன்ல எறங்கி அந்தத் தெரு வரைக்கும் நடந்து பாக்கச் சொல்லுங்க, மறுபடி ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தடவை. வாசல்ல காலிங் பெல்லுக்குப் பக்கத்துல இருக்கற பேரையும் பாக்கணும். ஒரே பெல்லுல நாலஞ்சு பேரு ஒட்டியிருந்தா அந்த வீட்டை யாரோ ரூம் ரூமா வாடகைக்கு விட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஏரியா பேரை விட எனக்கு இதுதான் பயம், ஏன்னா மாடி வீடுன்னா ஓனர்ஸ் அசோசியேஷன்ல நீங்களும் மெம்பர் ஆகியே ஆகணும், சட்டப்படி வெளிய நிக்க முடியாது. ஆறு வீடு இருக்கற கட்டடத்துல நாலு வீடு ஒரே வாடகை வியாபாரி கையில இருந்தா கூரை ஒழுகினாலும் அவர் ஓட்டுப் போட்டாத்தான் ரிப்பேர்.

2018-லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு: அசோசியேஷன் ஒரு பராமரிப்புத் திட்டம் வச்சிருந்து அதுப்படி காசு சேக்கணும், இல்லேன்னா கட்டடத்தை மறுபடி கட்ட ஆகற செலவுல வருஷம் 0.5% ஒதுக்கணும். சின்ன கட்டடங்கள்ல இது ஏட்டளவுலதான். மெயின்டனன்ஸ் மாசம் 50 யூரோதான்னு விளம்பரத்துல போட்டிருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. கடைசி மூணு வருஷ மீட்டிங் மினிட்ஸ், பேங்க் பேலன்ஸ், பராமரிப்புத் திட்டம் மூணையும் விலை பேசறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கச் சொல்லுங்க. மூணும் சரியா இருந்து அவனும் அஞ்சாறு வருஷம் அங்கயே இருப்பேன்னு சொன்னா தாராளமா வாங்கட்டும்.

கேள்வி: அங்க பழைய வீடெல்லாம் மரக்கட்டை மேல நிக்குதுன்னு மருமகன் சொல்றார். விளையாட்டுக்கு சொல்றாரா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: விளையாட்டு இல்லண்ணே. அந்த ஊரு மண்ணு மேல களிமண்ணும் மக்கின செடிமண்ணுமா மெத்துனு இருக்கும், கெட்டி மணல் ரொம்பக் கீழ இருக்கு, அதனால நீளமான பைன் மரத்தை அடிச்சு எறக்கி மணல்ல ஊன வச்சு அதுக்கு மேல சுவர் எழுப்பினாங்க. நம்ம வளவுல நிக்கற பர்மா தேக்குத் தூணுக்கு தண்ணி படக்கூடாது, இந்த மரத்துக்கு நேர்மாறு, எப்பவும் தண்ணிக்குள்ளயே முங்கிக் கிடக்கணும். நிலத்தடி நீர் எறங்கி மரத்தோட தலை வெளிய தெரிஞ்சு காத்து பட்டா காளான் புடிச்சு அழுக ஆரம்பிக்கும். தண்ணிக்குள்ள இருந்தாலும் சில வகை மரத்தை பாக்டீரியா மெதுவா அரிக்குது, அது வேற கதை. கோடைக்காலம் வறண்டு போச்சுன்னா, கழிவுநீர்க் குழாய்ல ஓட்டை விழுந்து அது வழியா நிலத்தடி நீர் வடிஞ்சாலும், அடியில இருக்கற மரத்துக்குத்தான் கேடு. ராட்டர்டாம், டோர்ட்ரெக்ட், ஹௌடா, ஸான்டாம் எல்லா ஊர்லயும் இந்தப் பிரச்சனை உண்டு.

சரி பண்ண ஒரு வீட்டுக்கு 50 ஆயிரத்துலேர்ந்து 1 லட்சம் யூரோவையும் தாண்டும். அதுலயும் வரிசை வீடுகளுக்கு அடித்தளம் ஒண்ணாவே இருக்கறதால பக்கத்து வீட்டுக்காரரும் ஒத்துக்கிட்டாத்தான் வேலை நடக்கும், நம்ம ஊர்ல பொதுச்சுவருக்கு பங்காளிக கையெழுத்து வாங்கற அதே பாடு. மலிவான ஏரியாவுல 20 ஆயிரம் மிச்சம்னு வாங்கி இதுல மாட்டினா வாங்கின சந்தோஷமே போயிடும்.

என்ன பாக்கணும்னா, முதல்ல எந்த வருஷம் கட்டினது. 1970-க்கு முன்னாடின்னா அடித்தளத்தைப் பத்திக் கேக்காம அடுத்த பேச்சே பேசாதீங்க. ராட்டர்டாம் மாநகராட்சில அடித்தளத்துக்குன்னே தனியா ஒரு தகவல் மையம் வச்சிருக்காங்க, அட்ரஸ் சொன்னா அந்தத் தெருவுல இதுவரைக்கும் என்ன ஆய்வு நடந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். செங்கல் சுவர்ல படிக்கட்டு மாதிரி விரிசல், தானா மூடிக்கிற கதவு, தரைல வச்ச கோலிக்குண்டு ஒரு பக்கமா ஓடறது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற அடையாளம். அப்புறம் கட்டட இன்ஜினீயரை வச்சு ஒரு ஆய்வு, சில நூறு யூரோதான் ஆகும். ஆனா சாதாரண ஆய்வுல மண்ணைத் தோண்டி மரத்தைப் பாக்க மாட்டாங்க, அதுக்குத் தனியா கேக்கணும், அது தெரியாமலேயே நெறைய பேரு நிம்மதியா இருக்காங்க. சமையலறை புதுசா பளபளன்னு இருக்கற வீட்டை விட பழைய சமையலறையோட அடித்தளம் மாத்தின ரிப்போர்ட் கையில இருக்கற வீட்டைத்தான் நான் எடுப்பேன்.

கேள்வி: பேங்கே முழு விலையும் கடன் குடுக்குமாமே, அப்ப கையில காசே வேணாமா? (பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி, இப்ப ஐந்தோவன்ல வேலை)

பதில்: வேணும் தம்பி. வீட்டோட மதிப்புல 100% வரைக்கும் கடன் தருவாங்க, அது உண்மை, ஆனா மதிப்புன்னா மதிப்பீட்டாளர் சொல்ற தொகை, நீ ஏலத்துல கேட்ட தொகை இல்ல. வீடு விளம்பரம் வர்ற ஃபுண்டா வெப்சைட்ல 2,80,000-ன்னு போட்டிருக்கும், பத்து பேரு ரகசியமா விலை எழுதிக் குடுப்பாங்க, நீ 3,00,000 எழுதி வீடு உனக்கு வந்து மதிப்பீடு 2,90,000-ன்னு வந்தா மிச்சம் பத்தாயிரம் உன் பாக்கெட்லேர்ந்துதான் போகணும். இதுக்கு மேல வாங்கறவர் செலவுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் கடன் கிடையாது. குடியிருக்க வாங்கினா பத்திர வரி 2%, நீ 35 வயசுக்குள்ள இருந்து, இந்தச் சலுகையை இதுக்கு முன்னாடி எடுக்காம, வீட்டு விலையும் வரம்புக்குள்ள இருந்தா அந்த வரி பூஜ்யம். அந்த வரம்பு 2025-ல 5,25,000 யூரோ, 2026-ல 5,55,000. நோட்டரி, மதிப்பீடு, கடன் ஆலோசகர் ஃபீஸ் எல்லாம் சேந்து இன்னும் சில ஆயிரம். டச்சு புரியலேன்னா பத்திரம் படிக்கறப்ப மொழிபெயர்ப்பாளருக்கும் நீதான் அழணும்.

என்.எச்.ஜி.ன்னு கடனுக்கு ஒரு தேசிய உத்தரவாதம் இருக்கு, வேலை போய் அல்லது விவாகரத்து ஆகி வீட்டை நஷ்டத்துக்கு வித்தா நிபந்தனைகளுக்கு உட்பட்டு பாக்கிக் கடனை அது பாத்துக்கும். 2026-ல 4,70,000 யூரோ விலை வரைக்கும் கிடைக்கும், கட்டணம் கடன்ல 0.4%. வட்டியும் கொஞ்சம் கொறையும், அதனால மலிவு வீடு வாங்கறவன் இதை விடவே கூடாது. இங்க எடுத்த படிப்புக் கடன் பாக்கி இருந்தா அதையும் மறைக்காம சொல்லிடு. உங்க ஊர்ல வீடு பாக்கணும்னா ஊன்சல் பக்கம் பாரு, சிப் மெஷின் கம்பெனிக்காரங்க எல்லாம் ஃபெல்ட்ஹோவன் பக்கமே மொய்க்கறதால அங்க கொஞ்சம் மூச்சு விடலாம்.

கேள்வி: பூர்வீக வீட்டுல எங்க பங்கை வித்து மகளுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். அங்க வரி போடுவாங்களா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: முதல்ல பங்காளிக எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்களான்னு பாருங்க, அதுக்கே ரெண்டு வருஷம் ஓடிடும், வீடு விக்காம நிலையும் தூணும் மட்டும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்குப் போன கதை உங்களுக்கும் தெரியும்.

பணம் கையில வந்தா வழி சுலபம்தான். இந்தியால குடியிருக்கற ஒருத்தர் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நீங்களும் ஆச்சியும் தனித்தனியா அனுப்பலாம். ஆளுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற தொகைக்கு பேங்க் 20% டி.சி.எஸ்.னு முன்கூட்டியே வரி பிடிக்கும், பதறாதீங்க, அது வருமான வரில கழிச்சுக்கலாம், மிச்சம் திரும்ப வரும், ஆனா அதுவரைக்கும் காசு மாட்டிக்கிடும்ங்கறதால கணக்குப் போட்டு அனுப்புங்க. பெத்தவங்க பிள்ளைக்குக் குடுக்கற அன்பளிப்புக்கு இங்க வரி இல்ல. நெதர்லாந்துலயும் அன்பளிப்பு வரி குடுக்கறவர் எங்க குடியிருக்கார்ங்கறதை வச்சுத்தான், நீங்க அங்க குடியிருந்ததே இல்லேன்னா மகளுக்கு வரி வராது. ஆனா பேங்கும் நோட்டரியும் பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு குடைவாங்க. கிரயப் பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட், அன்பளிப்புக் கடிதம் மூணும் தயாரா இருக்கட்டும். பாதி செக்கு பாதி ரொக்கம்னு வித்தீங்கன்னா ரொக்கப் பாதி அங்க போய்ச் சேராது, கடைசில பத்திரத்துல போட்ட தொகைதான் மகளுக்கு உதவும்.

கேள்வி: தெக்குப் பாத்த வாசல், வாஸ்து சரியா வருமா? (குன்றக்குடி வாசகி)

பதில்: வாசலை விடுங்க ஆச்சி, மாடிப்படியைப் பாருங்க. பழைய மாடி வீட்டுல படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், பீரோவையே ஜன்னல் வழியாத்தான் ஏத்துவாங்க. முழங்கால் வலியோட நீங்க பேரனைப் பாக்கப் போகணும்னா தரைத்தள வீடாப் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: யாரும் குடியிருக்க வேணாம், வாங்கிப் போட்டு வாடகைக்கு விட்டா என்ன? கொண்டு விக்கிறது நமக்குப் புதுசா? (புதுவயல் வாசகர்)

பதில்: பர்மால வட்டிக்கடை வச்சவங்க பரம்பரைன்னு கேள்விலயே தெரியுது, ஆனா இந்த மலிவு ஏரியாக்கள்ல அதுக்குத்தான் தடுப்பு போட்டிருக்காங்க. 2022 ஜனவரிலேர்ந்து மாநகராட்சிக விரும்பினா ஏரியா குறிச்சு, அங்க வாங்கின வீட்டை நாலு வருஷத்துக்கு அனுமதி இல்லாம வாடகைக்கு விடக்கூடாதுன்னு விதி போடலாம், ராட்டர்டாம் போட்டிருக்கு. பெத்த பிள்ளைக்கு வாடகைக்கு விடறதுக்கு அனுமதி கிடைக்கும். நீங்க குடியிருக்காத வீட்டுக்கு பத்திர வரியும் 2% கிடையாது, 2025 வரைக்கும் 10.4% இருந்துச்சு, 2026-ல 8%. இதுக்கு மேல வீட்டோட அளவு, வசதிக்கு பாயின்ட் போட்டு அந்தக் கணக்குல வாடகைக்கும் உச்சவரம்பு வச்சிருக்காங்க. நான் உங்க இடத்துல இருந்தா காரைக்குடியிலேயே கடை வாங்குவேன்.

கேள்வி: கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினா அட்வான்ஸ் போயிடுமா? (பெயர் வேண்டாம், கோட்டையூர்)

பதில்: கையெழுத்தான ஒப்பந்த நகல் உங்க கைக்கு வந்த மறுநாள்லேர்ந்து மூணு நாள் டைம் உண்டு, காரணமே சொல்லாம விலகலாம், பைசா போகாது. வாங்கறவருக்கு மட்டும்தான் அந்த சலுகை, விக்கறவருக்கு இல்ல. மூணு நாள் தாண்டிட்டா, கடன் கிடைக்கலேன்னா விலகலாம்ங்கற நிபந்தனை ஒப்பந்தத்துல இருந்து அந்தத் தேதிக்குள்ள பேங்க் மறுத்த கடிதத்தைக் காட்டினா தப்பிக்கலாம், இல்லேன்னா விலையில 10% அபராதம். போட்டி அதிகம்னு அந்த நிபந்தனையை எடுத்துடுங்கன்னு புரோக்கர் நெருக்குவார், எடுக்காதீங்க.