கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை?

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவன் திரும்ப மாட்டேங்கிறான், டீச்சர் அவனை மட்டும் எப்பவும் முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறாங்க" என்று சக மாணவன் ஒருவனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறாள். அவனுக்கு இடது காது கேட்காது என்று, ரேஷன் கடை வரிசையில் நின்றபோது அவன் அம்மா என்னிடம் சொன்னார். பார்த்தால் தெரியாத இந்தக் குறையை மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகி ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் அந்தத் தாயிடம் கேளுங்கள். அவர் உங்களை நம்பிச் சொன்ன செய்தி அது. வகுப்புத் தோழிக்குத் தெரிவதில் அவருக்கும், முக்கியமாக அந்தப் பையனுக்கும், சம்மதம்தானா என்று அறிந்த பிறகே பேச வேண்டும். அதுவரை, "காதில் விழுந்திருக்காது, எதிரே போய் நின்று கூப்பிட்டுப் பார்" என்பது போதும்.

சம்மதம் கிடைத்தால், கச்சான் காற்று இரையும் ஒரு மாலையில் மகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்களை மூடி, ஒரு காதை விரலால் அழுத்தி அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். குரல் கேட்டாலும், அது வந்த திசையைக் கைகாட்டத் தடுமாறுவாள். ஒலி ஒரு காதை மற்றதைவிட இமைப்பொழுதுக்கும் குறைவான நேரம் முந்தி எட்டுவதையும், சற்று உரக்க ஒலிப்பதையும் ஒப்பிட்டுத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு காதில் மட்டுமே கேட்பவருக்கு அந்த ஒப்பீடு சரியாகக் கிடைப்பதில்லை, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவதும் கடினமாகிறது. கண்ணாமூச்சி ஆட்டத்தில் அவன் திணறுவதும், முதல் பெஞ்சில் அமர்வதும் இதனால்தான் என்று அப்போது சொல்லுங்கள்.

அமைதியான அறையில் நன்றாகக் கேட்பதால், இத்தகைய குழந்தைகளைப் பெரியவர்களே "நடிக்கிறான்", "திமிர்" என்று ஏசிவிடுவது என்னை மிகவும் வருத்துகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்கூட, செவித்திறன் குறைபாட்டை இரு காதுகளின் இழப்பைக் கொண்டே வரையறுக்கிறது. எனவே சான்றிதழ் இல்லாததால் சிரமமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

"எனக்கும் ஒட்டிக்குமா?" என்று மகள் கேட்கக்கூடும். அவனுடன் பழகுவதால் ஒட்டாது என்று தயங்காமல் சொல்லுங்கள். "பாவம்" என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதைக் கேட்ட குழந்தை அவனோடு விளையாடுவதை விட்டு, அவனுக்காக இரங்கத் தொடங்கிவிடும். மறுநாள் பள்ளிக்குப் போனதும், "எந்தப் பக்கம் உட்கார்ந்தால் உனக்கு நல்லாக் கேட்கும்?" என்று அவனிடமே கேட்டு, அந்தப் பக்கமாக அவள் உட்காரட்டும்.