தேடியது போதும் என்று அக்காவிடம் சொல்லலாமா?

கேள்வி: 2014 ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் பார்த்துத் திரும்பும்போது, பஸ் மாறுகிற இடத்தில் அக்காவின் ஆறு வயது மகன் காணாமல் போனான். துப்பு கிடைக்கவில்லை என்று கேஸை முடித்துவிட்டார்கள். அக்கா இன்னும் ஊர் ஊராக அலைகிறாள். குறி கேட்டே நகையெல்லாம் போய்விட்டது. '7 வருஷம் தாண்டியாச்சு, காரியத்தைப் பண்ணிடுங்க' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பள்ளியில் படிக்கும் அவள் மகளைக் கவனிக்க ஆளில்லை. நான்தான் அக்காவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: சொல்லாதீர்கள், சகோதரி. அக்கா கேட்கமாட்டார், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவார்.

அந்த 7 வருடக் கணக்கு, சொத்து, வாரிசு மாதிரி வழக்குகளுக்கு உதவுவது. அவ்வளவு காலம் தகவலே இல்லாதவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பெற்றவள் எள்ளும் தண்ணீரும் இறைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் அவர் ஒண்டியாக அலைந்தது போதும். இனி கேஸ் கட்டைக் கையில் எடுங்கள். காணாமல் போன குழந்தைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், 4 மாதத்தில் கிடைக்காவிட்டால் மனிதக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குக் கேஸ் போக வேண்டும் என்பது 2013-லிருந்தே நடைமுறை. உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கேஸ் போனதா? எஃப்.ஐ.ஆர்., இறுதி அறிக்கை இரண்டுக்கும் நகல் வாங்கிப் பாருங்கள். கேஸை முடிக்கும்போது புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அதையே பிடித்துக்கொண்டு மேல்விசாரணை கேட்கலாம். காணாமல் போனவரைக் கண்டுபிடித்து முன்னால் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கு, பையன் காணாமல் போன இடம் திருவாரூர், நாகை என்றால் சென்னை உயர் நீதிமன்றம். தஞ்சாவூர் எல்லை என்றால் மதுரைக் கிளை. வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

வேளாங்கண்ணிக்கு மும்பை, கோவா, கேரளாவிலிருந்தெல்லாம் ஜனம் வரும். தமிழ்நாட்டுக் குழந்தைகள் இல்லங்களோடு தேடல் நின்றுவிடக் கூடாது என்று மனுவிலேயே கேளுங்கள். ஆறு வயதில் போனவனுக்குத் தமிழே மறந்திருக்கலாம். சென்னை புளியந்தோப்பில் 1999-ல் கடத்தப்பட்ட ஒரு குழந்தை, நெதர்லாந்துக்குத் தத்துப் போன விவரம் பல வருடம் கழித்து விசாரணையில்தான் வெளியே வந்தது. குறிகாரர் யாரும் சொல்லவில்லை. பரிகாரம் என்று காசு பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அக்கா அங்கே போகக் கிளம்பினால் சண்டை போட்டாவது தடுங்கள்.

அக்கா பையில் வைத்திருப்பது அந்த ஆறு வயது போட்டோதானே? இப்போது அவன் மீசை முளைத்த பையன். அப்பாவோ மாமாவோ பதினேழு, பதினெட்டு வயதில் எடுத்த போட்டோ இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். மச்சம், தழும்பு, காது மடல் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். டி.என்.ஏ. ஒத்துப்பார்க்கப் பெற்றோர் தயார் என்றும் மனுவில் போடுங்கள்.

அப்புறம் அந்தப் பெண். அண்ணனைப் பற்றி அவளிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? அக்காவால் முடியாத நாட்களில் நீங்கள் போங்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் நீங்கள் போய் நில்லுங்கள். உங்களால் இன்றைக்கே செய்ய முடிந்தது இதுதான். கோர்ட் வேலை மெல்லத்தான் நகரும்.

இன்னொன்று. நோட்டீஸ் அடித்து ஒட்டியபோது போட்ட செல் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் விட்டுப்போனால் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.