வெளிநாட்டுக் கிளைக் கம்பஸில ரிசேர்ச்: உங்கட கேள்வியள்

கேள்வி (கொக்குவில்): மலேசியாவில இருக்கிற மொனாஷ் கம்பஸில பி.எச்.டி சரிவரும்போல கிடக்கு. மெல்பேர்ண் மொனாஷின்ர ராங்கை நம்பிப் போகலாமோ?

ராங்கை மட்டும் நம்பிப் போகாதேங்கோ. அது பெரும்பாலும் தாய்க் கம்பஸில நடக்கிற வேலையால வாறது, நீங்கள் மூண்டு நாலு வருசம் இருக்கப்போறது மலேசியாக் கம்பஸ் இருக்கிற சன்வேயில. உங்களை எடுக்கப்போற சூப்பர்வைசரின்ர அண்மைக்காலப் பேப்பருகளை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கோ, பேருக்குப் பக்கத்தில நட்சத்திரம் (பேப்பருக்குப் பொறுப்பா நிண்டு தொடர்புகொள்ளுற ஆளுக்குப் போடுறது) போட்டிருக்கிறது ஆருக்கு, அவற்ற முகவரி எந்த நாடு எண்டு. எல்லாம் ஒஸ்ரேலியா முகவரியா இருந்து, மலேசியா ஆள் நடுவில ஒரு பேரா மட்டும் நிண்டா லாப்பும் காசும் அங்கதான் இருக்கு எண்டு யோசிக்கலாம். ஆனா மலேசியாவிலயே வேர்விட்ட வேலையும் இருக்கு. மொனாஷ் ஆக்கள் ஜொகூர் செகாமட்டில பத்து வருசத்துக்கு மேலா ஊர்ச்சனத்தின்ர சுகநலத்தைப் பின்தொடர்ந்து பாக்கினம். இங்கிலாந்து நொட்டிங்காம் யூனிவேர்சிற்றியின்ர மலேசியாக் கிளையான செமினி கம்பஸில இருந்து காட்டு யானையளைப் பற்றி நல்ல ஆராய்ச்சி வந்தது, வன்னியில யானையால சனம் படுற பாடு தெரிஞ்ச பிள்ளைக்கு அந்த மாதிரி வேலை இங்கிலாந்தில கிடைக்காது.

கேள்வி (சாவகச்சேரி): கனக்கக் கிளைக் கம்பஸுகள் பேப்பரே பெரிசாப் போடுறேல்லையாம், ஏன்?

கனக்க இடம் பீஸிலதான் ஓடுது. பீஸ் கட்டுறது பிஸ்னஸ், ஐ.டி படிக்க வாற டிகிரிப் பிள்ளையள், லெக்சரர்மாரின்ர நேரம் கிளாஸோடயும் மார்க்கிங்கோடயும் போயிடும், பி.எச்.டி பிள்ளையளும் குறைவு, பிறகு ஆர் லாப்பில நிக்கிறது? அரசாங்கம் காசு போட்ட இடம் வேற. அமெரிக்க யூனிவேர்சிற்றியளின்ர கிளையளான கட்டாரில கோர்னெல் மருத்துவம், டெக்சாஸ் ஏ அண்ட் எம், அபுதாபியில நியூயோர்க் யூனிவேர்சிற்றி எல்லாம் அப்பிடித்தான் ஆராய்ச்சியில எழும்பினது. அதிலயும் ஒரு பயம் இருக்கு, கட்டார் கம்பஸை 2028க்குள்ள மூடுறதெண்டு டெக்சாஸ் ஏ அண்ட் எம் நிர்வாக சபை 2024 பெப்ரவரியில முடிவெடுத்திட்டுது. சிங்கப்பூரில ஒஸ்ரேலியாவின்ர நியூ சவுத் வேல்ஸ் யூனிவேர்சிற்றி திறந்த கம்பஸ் 2007இல ஒரு செமெஸ்டரோட மூடுப்பட்டது. இடையில மூடினா எங்களை எங்க மாத்துவியள் எண்டு சேர முந்தியே எழுத்தில கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): சேர்ட்டிபிக்கேட் வேறயோ?

மொனாஷ், நொட்டிங்காம் ரெண்டிலயும் தாய் யூனிவேர்சிற்றியின்ர டிகிரிதான்.

கேள்வி (வவுனியா, லெக்சரர்): என்ர பழைய பேப்பர் எல்லாம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எண்டு கிடக்கு, பிரச்சினையோ?

இல்லை. வவுனியா வளாகம் 2021இலதான் தனிப் பல்கலைக்கழகமானது, முந்தி எழுதினது அப்பிடியே கிடக்கட்டும். வெளிநாட்டுக் கிளையளுக்கும் இதே தலையிடிதான், முகவரி வடிவா எழுதாட்டி ஸ்கோபஸில (ஆராய்ச்சிப் பேப்பருகளைப் பதிஞ்சு கணக்கெடுக்கிற தரவுத்தளம்) அவையின்ர பேப்பர் தாய்க் கம்பஸின்ர கணக்கில போய் விழும். ஓர்கிட் (ORCID) எண்ட, ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டுற நம்பர் ஒண்டு எடுத்து எல்லாப் பேப்பரையும் அதுக்குள்ள சேருங்கோ, காசில்லை. இனி எழுதுறதில பல்கலைக்கழகப் பேரை ஒவ்வொருக்காலும் ஒரே மாதிரி போடுங்கோ.