படித்த புத்தகங்களின் பட்டியலை வருஷக்கணக்கில் எழுதி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்களா? அதனால் என்ன பயன்?

இருக்கிறேன். 1989 ஜூனிலிருந்து எழுதுகிறேன். நான்கு நோட்டு, நேற்று இரவு வரை 1,143 வரி.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் சமீபத்தில்தான் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. முப்பது நாற்பது புத்தகம் ஆனதும் "போன வருஷம் படித்ததன் பேர்கூட ஞாபகம் இல்லையே" என்று ஒரு பதைப்பு வரும். அந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எண்ணிக்கையைப் பீற்றிக்கொள்ள வந்திருக்கிறான் என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன். 1,143 பெரிய எண் இல்லை. வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு மூன்றுகூட வராது. வாரத்துக்கு இரண்டு முடிப்பவர்கள் இந்தத் தளத்திலேயே இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்த எண் சுத்தமான எண்ணும் இல்லை. அந்த விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிலே.

மயிலாடுதுறையில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கிளை நூலகத்தில் ஒரு துப்பறியும் நாவலை எடுத்து வந்து நாற்பது பக்கம் போனபிறகு, கொலைகாரன் யார் என்று எனக்கு முன்பே தெரியும் என்பது புரிந்தது. அதற்கு முந்தின கோடை விடுமுறையில் படித்ததுதான். அட்டையை மாற்றி பைண்டு பண்ணியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. இப்படி மூன்றாவது தடவை ஏமாந்தபோது, உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த டைரியை எடுத்துக்கொண்டேன். தேதி, பேர், ஆசிரியர், கடைசியில் ஓர் எழுத்து: நூ என்றால் நூலகம், இ என்றால் இரவல், சொ என்றால் சொந்தம். முதல் வருஷம் முழுக்க 'சொ' இரண்டே இரண்டு.

வில்லங்கம் கல்லூரியில் ஆரம்பித்தது. திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஒரு வாசகர் வட்டத்துக்குப் போவேன். சோவியத் யூனியன் கலைந்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், கனத்த அட்டையோடு அவ்வளவு மலிவாக வந்துகொண்டிருந்தவை, புதிதாக வருவது நின்றுபோய் பழைய இருப்பை எல்லோரும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓர் அண்ணன், "இன்னும் ருஷ்யாக்காரங்க பக்கமே போகலையா தம்பி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து டைரியில் நான்கு வரி எழுதினேன். படித்து அல்ல, எழுதி மட்டும். அடுத்த வாரம் டைரியைச் சட்டைக்குள் வைத்து எடுத்துப்போய், தற்செயலாகப் பிரிப்பது போல அவர் பக்கத்தில் பிரித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னும் சில.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, கொரோனா ஊரடங்கில், ஆன்லைன் வகுப்புக்கு நடுவே என் மகள் பரணிலிருந்து அந்த டைரியை இறக்கினாள். கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, "ஏம்ப்பா, இந்த மூணு பாகத்தையும் நாலே நாள்ல முடிச்சியா?" என்றாள். முடித்தேன் என்றேன். "கடைசியில என்ன ஆகும்?" என்றாள். போர் முடிந்துவிடும் என்றேன். அவள் டைரியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மற்ற வரிகளில் ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்றில் ரீஃபில் தீர்ந்து பாதி எழுத்து வெறும் கீறலாக இருக்கிறது. அந்த நான்கு வரியும் மட்டும் ஒரே கறுப்பு, ஒரே சாய்வு. தேதிதான் வேறு வேறு.

அவள் கண்டுபிடித்த இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. நிஜமாகப் படித்த புத்தகங்களுக்குப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதெல்லாம் அல்பமான குறைகள். 'பாதிக்கு மேல் இழுவை.' 'சித்தப்பா பாத்திரம் என்ன ஆனது?' '112ஆம் பக்கம் இல்லை, எவனோ கிழித்திருக்கிறான்.' படிக்காதவற்றுக்கு: 'மகத்தான படைப்பு.' 'உலகத்தரம்.' பென்சிலை எடுத்து, சந்தேகப்பட்ட பதினேழு வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டாள். அதில் பதினொன்று பொய்தான். ஆறு சத்தியமாகப் படித்தவை, ஆனால் அவள் நம்பத் தயாராக இல்லை.

ஆகவே உங்களுக்குச் சொல்வது இதுதான்: பேரோடு ஒரு குறையையாவது எழுதுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பேரை விடாதீர்கள். பாதியில் விட்டால் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். எண்ணிக்கையில் மட்டும் இறங்காதீர்கள். பொன்னியின் செல்வனை ஒன்று என்பதா ஐந்து என்பதா என்று நான் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். (ஐந்து என்றுதான் எழுதினேன். அந்த வருஷம் எண்ணிக்கை மோசம்.)

நோட்டு எதற்கு, ஆப் இருக்கிறதே என்பவர்களுக்கு: போட்டுப் பார்த்தேன். ஒரே தமிழ்ப் புத்தகம் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் மூன்று புத்தகமாகக் கிடந்தது. வருஷ இலக்கு எவ்வளவு என்று வேறு கேட்டது. இலக்கு வைத்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒத்துவந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரவில்லை.

பயன் என்ன என்று கேட்டீர்கள். இப்போது நான் குடியிருக்கும் ஊரில் கிளை நூலகத்தில் போன வருஷம் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டினார்கள். சாக்கில் கட்டி வராந்தாவில் போட்டிருந்ததில் ஒன்றை உருவிப் பார்த்தேன். பின்னட்டைத் தேதிச் சீட்டில் 2004 மார்ச் முத்திரை. என் நோட்டிலும் அதே மாதம் அந்தப் புத்தகம் இருக்கிறது. அதற்குப் பின் அந்தச் சீட்டில் ஒரே ஒரு முத்திரைதான் விழுந்திருந்தது. கழித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த இடத்துக்குப் புதிதாக என்ன வந்தது? போட்டித் தேர்வு கைடுகள் ஒரு அலமாரி, அவ்வளவுதான். வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்து பைசா நாம் கட்டுகிறோம். 1948லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தச் சட்டத்துக்குப் பாடுபட்ட ரங்கநாதன் எங்கள் பக்கத்துச் சீர்காழிக்காரர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். உட்கார நாற்காலியே ஐந்துதான் இருக்கிறது, அதில் ஒன்றுக்குக் கால் இல்லை. கேட்டால் மேலே எழுதியிருக்கிறோம் சார் என்கிறார்கள். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை.

இலவச டேட்டா வந்த 2016க்கு அடுத்த வருஷம் என் நோட்டில் ஆறே வரி. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை, வேலை போகவில்லை. போன்தான். இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன், நோட்டு ஒப்புக்கொள்கிறது.

அந்த மூன்று பாக நாவலை ஊரடங்கிலேயே எடுத்தேன். இரண்டாம் பாகம் பாதிவரை வந்திருக்கிறேன். பழைய வரியை அடிக்கவில்லை. மகளின் பென்சில் குறிகளையும் அழிக்கவில்லை. அவள் கண்ணில் படாத பொய் இன்னும் இரண்டு உள்ளே இருக்கிறது. வரி எண் சொல்ல மாட்டேன், அவளுக்கும் இந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது.