வருமான வரி: ஆடிட்டரிடம் போகுமுன் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மாதச் சம்பளம் மட்டும்தான். பிரவுசிங் சென்டரில் ரிட்டர்ன் போடலாமா, ஆடிட்டரிடம்தான் போகணுமா?

ஒரே கம்பெனி, ஒரே ஃபார்ம் 16 (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று), கொஞ்சம் வங்கி வட்டி என்றால் நீங்களே போடலாம். பங்கு விற்றது, மனை விற்றது, சொந்தத் தொழில் என்று ஏதாவது இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் போங்கள். தொழிலுக்கு வரித் தணிக்கை தேவைப்பட்டால் அறிக்கையில் கையெழுத்துப் போட சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டால் மட்டுமே முடியும். உறுப்பினர் எண்ணைக் கேட்டு ஐசிஏஐ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுகளின் அமைப்பு) இணையதளத்தில் சரிபாருங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: சம்பளத்தில் டிடிஎஸ்ஸாகப் பிடித்த வரி முழுவதையும் வாங்கித் தருகிறேன், அதில் 10 சதவீதம் கொடுங்கள் என்கிறார் ஒருவர்.

வேண்டாம். ரீஃபண்டில் பங்கு கேட்பவர் ரீஃபண்டைப் பெருக்கத்தான் பார்ப்பார். கட்டாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, வாங்காத கல்விக் கடன் என்று வரிக் கழிவுகளை (வருமானத்திலிருந்து கழிக்கும் தொகைகளை) ஏற்றுவார். பணமும் வந்துவிடும், ஏனென்றால் முதல் கட்டத்தில் ரசீது எதையும் கேட்பதில்லை. சிக்கல் பிறகுதான் வரும். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனையில் இறங்கியது இத்தகைய ஏஜென்டுகளைக் குறிவைத்துத்தான். போலிக் கழிவு தென்பட்டதாகத் துறை சொன்ன மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே சில ஏஜென்டுகள் தற்காலிக மின்னஞ்சல் தொடங்கிப் பிறகு கைவிட்டிருந்தார்கள். துறையின் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடந்தன.

பொய்க் கழிவு என்று முடிவானால் வரி, வட்டி, அதற்கு மேல் அந்த வரியின் இரு மடங்கு அபராதம். எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே இப்படிப் போட்டவர்கள் நோட்டீஸுக்குக் காத்திருக்க வேண்டாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் ஐடிஆர்-யு (திருத்திப் போடும் ரிட்டர்ன்) போட்டால் வரி, வட்டியோடு கூடுதலாக அவற்றின் கூட்டுத்தொகையில் 25 சதவீதம். அடுத்த 12 மாதத்தில் அது 50 ஆகிவிடும்.

கேள்வி: ஆடிட்டர் என் வருமான வரி போர்ட்டல் பாஸ்வேர்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

தணிக்கை அறிக்கைக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. 'ஆத்தரைஸ்டு பார்ட்னர்ஸ்' பகுதியில் அவருடைய உறுப்பினர் எண்ணைச் சேர்த்தால் போதும். ரிட்டர்னுக்காகக் கொடுத்தால், வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம், ப்ரொஃபைலில் முதன்மை மொபைலும் மின்னஞ்சலும் உங்களுடையதா என்று இன்றைக்கே பாருங்கள். அங்கே அவர் எண் இருந்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும்.

கேள்வி: "ஃபைல் பண்ணியாச்சு" என்கிறார். எப்படி உறுதி செய்வது?

ஒப்புகைச் சீட்டு, முழு ஐடிஆர் படிவம், கணக்கீட்டுத் தாள் மூன்றையும் வாங்குங்கள். அப்லோட் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை ஆகியிருக்க வேண்டும். அதற்கு ஆதார் ஓடிபி சொல்வது கையெழுத்துப் போடுவது மாதிரிதான். மொத்த வருமானம், கழிவுகள், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் வரைவில் படித்துப் பார்த்தபின் சொல்லுங்கள்.

கேள்வி: வருஷ நடுவில் கம்பெனி மாறினேன். புதிய ஃபார்ம் 16 மட்டும் போதுமா?

போதாது. பழைய சம்பளத்தைப் புதிய கம்பெனியிடம் சொல்லாவிட்டால் இரண்டு கம்பெனியும் நிலைக்கழிவைத் (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) தனித்தனியே கொடுத்திருக்கும். புதிய வரி முறையில் அது ரூ.75,000, ஒருமுறைதான் உண்டு. சேர்த்துப் போட்டால் கையிலிருந்து வரி கட்ட வேண்டி வரலாம். இரண்டு ஃபார்ம் 16-உடன், போர்ட்டலில் உங்கள் வருமான விவரங்களைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையையும் இறக்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். மறந்துபோன எஃப்.டி. வட்டி அதில் இருக்கும். கடைசி வாரத்தில் போய் நின்றால் இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.